அப்பாவின் ஐந்து மாத இருமலும் ஒரு துண்டு கொட்டைப்பாக்கும்

காவேரிக்கரை (ஞாயிறு, இரவு 9.40)

கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 68 வயது. போன புரட்டாசியில் இருமல் பிடித்தது. மழைக்காலம் வருகிறது, அதுதான் என்று நினைத்தோம். மிளகு ரசம், கற்பூரவல்லி, தூதுவளை எல்லாம் ஆயிற்று. பத்து நாள் கழித்து எங்கள் தெரு டாக்டர் அலர்ஜி என்று சிரப் கொடுத்தார். ஐப்பசியில் காய்ச்சல். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடியில் நிமோனியா என்றார்கள். ஆன்டிபயாட்டிக்கில் காய்ச்சல் போயிற்று, இருமல் போகவில்லை. கார்த்திகையில் மறுபடி காய்ச்சல், மறுபடி எக்ஸ்ரே, அதே வலது பக்கம், அதே இடம்.

டிபி இருக்குமோ என்று சளி கொடுத்தோம். இல்லை என்று வந்தது. பிறகு ஆஸ்துமா என்று இன்ஹேலர். ராத்திரி படுத்தால் நெஞ்சுக்குள் யாரோ பீப்பீ ஊதுவது போல ஒரு சத்தம் வரும். மார்கழியில் சளியில் ரத்தக் கோடு தெரிந்தது. அப்பா ஐம்பது வருடமாக வெற்றிலை பாக்கு போடுகிறவர் (புகையிலை கிடையாது). அதனால் எல்லோர் மனதிலும் ஒரே சொல்தான் ஓடியது, யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அம்மா மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள்.

கடைசியில் தஞ்சாவூரில் ஒரு நெஞ்சக மருத்துவர் சி.டி. எடுத்துப் பார்த்துவிட்டு, "எப்பவாவது சாப்பிடும்போது பலமா புரை ஏறிச்சா?" என்று கேட்டார். அப்பா இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னார். போன புதன்கிழமை பிராங்கோஸ்கோப்பி, அதாவது கேமரா வைத்த குழாயை மூச்சுக்குழலுக்குள் விட்டுப் பார்ப்பது. வெளியே வந்த டாக்டர் கையில் ஒரு சின்ன டப்பா, அதற்குள் சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவுக்குக் கொட்டைப்பாக்குத் துண்டு.

குழந்தைகள் கடலையை உறிஞ்சிக்கொண்டது கேள்விப்பட்டிருக்கிறேன். வளர்ந்த மனிதருக்கு மூச்சுக்குழலில் பாக்கு போனால் தெரியாதா? வேறு யார் வீட்டிலாவது இப்படி நடந்திருக்கிறதா?

வெட்டிக்கிளி (ஞாயிறு, இரவு 10.05)

மன்னிக்கவும், நம்ப முடியவில்லை. எனக்கு ஒரு சோற்றுப் பருக்கை தப்பிப் போனாலே கண்ணில் நீர் கொட்டி, பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்கு இருமுவேன். பாக்கு போனது ஐந்து மாதம் தெரியாதா? டப்பா மாறிப் போயிருக்கப் போகிறது, பாருங்கள் :)

மருதாணி (ஞாயிறு, இரவு 10.31)

வெட்டிக்கிளி, என் அத்தைக்கு நடந்ததைக் கேளுங்கள். ஒரு நாள் காலையில் எழுந்தால் மூக்குத்தி தலையணையில் கிடக்கிறது, திருகாணியைக் காணோம். கட்டிலைத் தூக்கிப் பார்த்தோம், வீட்டைப் பெருக்கிக் குப்பையைச் சலித்தோம். விழுங்கியிருப்பாள், தானாகப் போய்விடும் என்று மாமா சொல்ல, அத்தோடு விட்டுவிட்டோம். விடியற்காலையில் கொஞ்சம் இருமினதாக அத்தைக்கு அரைகுறை ஞாபகம், அவ்வளவுதான்.

மூன்று மாதம் கழித்து முழங்கால் ஆபரேஷனுக்கு முன்னால் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள். எக்ஸ்ரே எடுத்த பையன் ஓடி வந்து, "பாட்டி, செயினைக் கழற்றலையா?" என்றான். கழுத்தில் ஒன்றும் இல்லை. படத்தில் பளிச்சென்று தெரிந்தது திருகாணி, மரை உட்பட. முழங்கால் காத்திருந்தது, முதலில் திருகாணியை எடுத்தார்கள்.

ஸ்டெத்து (திங்கள், காலை 6.50)

நான் இந்தத் துறையில் இருக்கிறவன். காவேரிக்கரை, உங்கள் அப்பா பொய் சொல்லவில்லை, டப்பாவும் மாறவில்லை.

புரை ஏறுவது என்றால் என்ன? விழுங்கும்போது குரல்வளை மேலே எழும்பும், அதன் மூடி மடியும், குரல் நாண்கள் இறுக மூடிக்கொள்ளும். சிரித்தாலோ பேசினாலோ திடீரென மூச்சை இழுத்தாலோ அந்த ஒரு கணம் வாசல் திறந்துவிடுகிறது. உள்ளே எது விழுந்தாலும் உடம்பு வெறித்தனமாக இருமும். பெரும்பாலும் வெளியே வந்துவிடும். வராவிட்டால் இரண்டில் ஒன்று. பெரிய துண்டாக இருந்தால் மேலேயே அடைத்துக்கொள்ளும், அது நிமிடக் கணக்கில் உயிர் போகிற விஷயம். சின்னதாக இருந்தால் கிளைக் குழலுக்குள் இறங்கிவிடும். இறங்கியதும் இருமல் அடங்கும். மூச்சுக்குழலின் உட்சுவர் அதற்குப் பழகிப்போகிறது. ஆள் தண்ணீர் குடித்துவிட்டு, "அப்பாடா, போயிடுச்சு" என்பார். போனது உண்மை, வெளியே போகவில்லை.

பெரியவர்களின் மூச்சுக்குழல் அகலமானது, ஒன்றரை இரண்டு சென்டிமீட்டர் இருக்கும். அதனால் சின்னப் பொருள் மேலே அடைக்காமல் வழுக்கிக்கொண்டு போய்விடும். குழந்தைக்கு இதே பொருள் அன்றே ஆபத்து. குழந்தையைக் கண்காணிக்க ஒரு தாய் இருக்கிறாள். 68 வயதுக்காரர் வெற்றிலை மெல்லும்போது யார் பக்கத்தில் நின்று பார்க்கிறார்கள்?

ஏன் வலது பக்கம் என்று கேட்பீர்கள். இரண்டாகப் பிரியும் இடத்தில் வலது குழல் அகலம், குட்டை, ஏறக்குறைய நேர்க்கீழாகப் போகும். இடது குழல் இதயத்துக்கு இடம் விட்டு ஒதுங்கிச் சாய்ந்து போகும். மேலிருந்து போட்ட பொருளுக்கு நேர்வழி வலதுதான். அதனால்தான் திரும்பத் திரும்ப வலது அடிப்பகுதியில் நிமோனியா என்றால் நாங்கள் புரை ஏறியதா என்று நச்சரிப்போம்.

மருதாணி அத்தையின் திருகாணி எக்ஸ்ரேயில் தெரிந்தது, அப்பாவின் பாக்கு தெரியவில்லை. உலோகம் எக்ஸ்ரேயை மறிக்கும். பாக்கு, கடலை, புளியங்கொட்டை, சீத்தாப்பழ விதை, பெரும்பாலான மாத்திரைகள், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் அது ஊடுருவிவிடும். படத்தில் தெரிவது பொருளால் வந்த விளைவு மட்டுமே: காற்றுப் போகாமல் சுருங்கிய பகுதி, சளி தேங்கிச் சீழ் பிடித்த பகுதி. அதைப் பார்த்து நிமோனியா என்று எழுதுவது தப்பும் இல்லை, முழு உண்மையும் இல்லை. பொருளைச் சுற்றி நாளடைவில் சதை வளரும், தொட்டால் ரத்தம் கசியும். சில சமயம் கேமரா வைத்துப் பார்க்கிற எங்களுக்கே புற்றுக்கட்டி மாதிரி தெரியும். கிள்ளிச் சோதனைக்கு எடுக்கப் போனால் உள்ளே விதை இருக்கும். நோயாளியின் குடும்பம் அன்றைக்கு அழுகிற அழுகை தனி வகை.

திருகாணி விஷயம் எங்கள் துறைக்குப் புதிதில்லை. இந்திய மருத்துவ இதழ்களில் மூக்குத்தித் திருகாணி பற்றிய குறிப்புகள் பல வந்திருக்கின்றன. மரை தேய்ந்த திருகாணி தூக்கத்தில் கழன்று, மூக்கின் பின்வழியாகத் தொண்டைக்கு வந்து, மூச்சோடு இறங்கிவிடும். வருடத்துக்கு ஒரு முறையாவது பத்தரிடம் காட்டி இறுக்குங்கள்.

வெட்டிக்கிளி (திங்கள், காலை 8.12)

சரி, தோற்றேன். மன்னிப்பு, காவேரிக்கரை.

சுண்டல்பிரியன் (திங்கள், காலை 9.20)

டாக்டர், எங்கள் வீட்டில் புரை ஏறினால் தலையில் தட்டுவார்கள், "யாரோ நினைக்கிறாங்க" என்பார்கள், தண்ணீர் கொடுப்பார்கள். மீன் முள் என்றால் சோற்றை உருட்டி மெல்லாமல் விழுங்கச் சொல்வார்கள். இதில் எது சரி?

பழைய கணக்குப்பிள்ளை (திங்கள், காலை 10.02)

தலையில் தட்டுவதைக் குறை சொல்லாதீர்கள் தம்பி. எழுபது வருடமாகப் பார்க்கிறேன், தட்டினால் நின்றுவிடும். எங்கள் பாட்டி தட்டிய தட்டில் நிற்காத புரை கிடையாது.

ஸ்டெத்து (திங்கள், பிற்பகல் 2.15)

ஐயா, பாட்டி தட்டாவிட்டாலும் நின்றிருக்கும். நிறுத்தியது இருமல், பெயர் பாட்டிக்கு. உச்சந்தலையில் தட்டினால் மூச்சுக்குழலுக்கு ஒரு செய்தியும் போகாது. கெடுதலும் இல்லை, இருமுகிறவரைப் பேச வைக்காமல் இருந்தால்.

ஆனால் தண்ணீர் விஷயத்தில் கண்டிப்பாக இருக்கிறேன். இருமல் அடங்கும் முன் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், அதுவும் அதே வழியில் போகும். முள் வேறு கதை. அது தொண்டையில் அல்லது உணவுக்குழலில் குத்தியிருப்பது, மூச்சுக்குழல் அல்ல. சோற்று உருண்டை அதை இன்னும் ஆழமாகத் தள்ளலாம். காது மூக்கு தொண்டை மருத்துவர் இடுக்கியால் ஒரு நிமிடத்தில் எடுத்துவிடுவார்.

அடைத்துக்கொண்டால் செய்ய வேண்டியது இது. அவரிடம் "பேச முடியுதா?" என்று கேளுங்கள். பேசினால், சத்தமாக இருமினால், தொடாதீர்கள், இரும விடுங்கள். அந்த இருமலை விடச் சக்தியான கருவி உங்களிடம் இல்லை. சத்தமே வராமல் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உதடு நீலமானால் ஒருவரை 108-க்குப் போன் செய்யச் சொல்லிவிட்டு, அவரை முன்னால் குனிய வைத்து இரண்டு தோள்பட்டை எலும்புக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் 5 முறை ஓங்கித் தட்டுங்கள். பாட்டி தட்டிய இடம் ஒரு முழம் தள்ளிப்போயிற்று, அவ்வளவுதான் ஐயா. வராவிட்டால் பின்னால் நின்று கட்டிப்பிடித்து, தொப்புளுக்கு மேலே முஷ்டியை வைத்து உள்ளேயும் மேலேயுமாக 5 முறை அழுத்துங்கள். வெளியே வரும் வரை இரண்டையும் மாற்றி மாற்றி. கர்ப்பிணிக்கும் மிகப் பருத்தவருக்கும் வயிற்றில் அல்ல, நெஞ்செலும்பில் அழுத்த வேண்டும். நினைவு தப்பினால் தரையில் படுக்க வைத்து சி.பி.ஆர். (நெஞ்சை அழுத்திச் செய்யும் உயிர்காப்பு முதலுதவி) தொடங்குங்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரல் விடாதீர்கள்.

வயிற்றை அழுத்தும் முறையை 1974-ல் எழுதியவர் ஹென்றி ஹைம்லிக் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர். 2016-ல், 96 வயதில், தான் தங்கியிருந்த முதியோர் இல்லத்துச் சாப்பாட்டு மேசையில் பக்கத்துப் பெண்மணிக்குத் தொண்டை அடைத்தபோது தானே எழுந்து செய்து காப்பாற்றினார்.

இன்னொன்று. சாப்பாட்டு மேசையில் திடீரென மௌனமாகி எழுந்து போகிறவரைத் தனியாக விடாதீர்கள். இருமல் வராமல் திணறுகிறவர் வெட்கப்பட்டுக் குளியலறைக்குப் போவார், அங்கேயே விழுவார். வெளியில் இருப்பவர்கள் மாரடைப்பு என்பார்கள். 1963-லேயே இதற்கு ஆங்கில மருத்துவத்தில் 'கஃபே கொரோனரி' (உணவக மாரடைப்பு) என்று பெயர் வைத்துவிட்டார்கள். மது குடித்துவிட்டுச் சாப்பிடுகிறவர்களுக்கு இது அதிகம்.

தையல்செல்வி (திங்கள், மாலை 6.40)

இதைப் படித்ததும் கை நடுங்குகிறது. இருபத்திரண்டு வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். குண்டூசி என் உதட்டில்தான் இருக்கும், ஒரு நேரத்தில் ஏழெட்டு. கல்யாணப் பெண்ணுக்குப் புடவை கட்டிவிடும்போது மடிப்புக்கு ஊக்கு, அதுவும் பல்லிடுக்கில். ஒரு முறை பெண்ணின் தங்கை ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டாள், ஒரு ஊசி நாக்கில் விழுந்தது. துப்பிவிட்டேன். அன்றைக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

எங்கள் தெருவில் தச்சு வேலை செய்யும் அண்ணனும் இப்படித்தான், ஆணி வாயில், சுத்தியல் கையில். பேச்சுக் கொடுத்தால் ஆணியை வாயில் வைத்துக்கொண்டே பதில் சொல்வார்.

ரிஹானா (திங்கள், இரவு 8.15)

கீழக்கரையிலிருந்து. அக்கா, எங்களுக்கு முக்காடு பின். இரண்டு கையாலும் துணியைப் பிடித்துக்கொண்டு பின்னை உதட்டில் வைப்பது எங்கள் எல்லோருக்கும் பழக்கம். துருக்கியிலும் எகிப்திலும் இளம்பெண்களிடம் இது எவ்வளவு சகஜமென்றால், மருத்துவ இதழ்களில் தலைக்குட்டைப் பின் என்று தனித் தலைப்பிலேயே கட்டுரைகள் வருகின்றன. என் நாத்தனார் மருத்துவம் படிக்கிறாள், அவள்தான் காட்டினாள். இப்போது காந்த பின் வாங்கியிருக்கிறோம். கொஞ்சம் விலை, துணியிலும் ஓட்டை விழுவதில்லை.

ரயில்பூச்சி (திங்கள், இரவு 11.10)

ரயில் பைத்தியம் என்பதால் இந்தக் கதையைச் சொல்லாமல் போக முடியாது. இசம்பார்ட் கிங்டம் புரூனல், இங்கிலாந்தில் கிரேட் வெஸ்டர்ன் ரயில்பாதை போட்ட பொறியாளர். 1843 ஏப்ரலில், தன் பிள்ளைகளுக்கு வித்தை காட்டினார்: வாயில் போட்ட காசு காது வழியாக வரும். நம்மூரில் தாய்மாமன்கள் செய்கிற அதே வித்தை. அரை சவரன் தங்கக் காசு வலது மூச்சுக்குழலுக்குள் போய்விட்டது.

எக்ஸ்ரே கண்டுபிடிக்க இன்னும் ஐம்பது வருடம் இருந்தது. குனிந்தால் காசு நகர்வதும், நிமிர்ந்தால் திரும்ப இறங்குவதும் அவருக்கே தெரிந்தது. பொறியாளர் மூளை சும்மா இருக்குமா? நடுவில் அச்சு வைத்த பலகை ஒன்று செய்யச் சொல்லி, அதில் தன்னைக் கட்டித் தலைகீழாகச் சாய்க்க வைத்தார். முதல் முறை காசு குரல்வளையில் முட்டி, மூச்சு நின்று, செத்துப் பிழைத்தார். பிறகு சர் பெஞ்சமின் பிராடி என்ற அறுவை மருத்துவர் கழுத்தில் துளை போட்டு, அதன் வழியாக நீண்ட இடுக்கி விட்டுப் பார்த்தார். மயக்க மருந்து புழக்கத்துக்கு வராத காலம். இடுக்கிக்குக் காசு சிக்கவில்லை. மே 13 அன்று, கழுத்துத் துளை திறந்திருக்க, மறுபடியும் பலகையில் தலைகீழாகச் சாய்த்து முதுகில் தட்டினார்கள். துளை வழியாக மூச்சு விட முடிந்ததால் இந்த முறை திணறவில்லை. காசு வாய் வழியாக விழுந்தது. ஆறு வாரம்! அந்த ஜூலையிலேயே அவருடைய கிரேட் பிரிட்டன் கப்பல் தண்ணீரில் இறங்கியது.

ஸ்டெத்து (செவ்வாய், காலை 6.30)

ரயில்பூச்சி, அருமை. கழுத்துத் துளை திறந்திருந்ததுதான் அவரைக் காப்பாற்றியது. இப்போது யாரும் அவரைப் போலத் தலைகீழாகத் தொங்கப் பார்க்க வேண்டாம். கீழே பத்திரமாக இருக்கும் பொருள் குரல்வளையில் வந்து மாட்டும்.

அவர் 54 வருடம் தள்ளிப் பிறந்திருக்கலாம். 1897-ல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் குஸ்டாவ் கில்லியன் ஒரு விவசாயியின் வலது மூச்சுக்குழலிலிருந்து பன்றி எலும்புத் துண்டை நேர்க்குழாய் விட்டு எடுத்தார். தொண்டையை மரக்க வைக்க அன்று கிடைத்தது கோகெயின். எங்கள் பிராங்கோஸ்கோப்பியின் பிறந்தநாள் அதுதான், அதாவது ஒரு பெரியவருக்குப் புரை ஏறியதில் பிறந்த துறை. வளையும் குழாயை 1966-ல் ஜப்பானின் ஷிகெடோ இகெடா கொண்டுவந்தார். காவேரிக்கரை அப்பாவுக்குச் செய்தது அதைத்தான்: மூக்கு வழியாகக் குழாய், மரக்க வைக்கும் லிக்னோகெயின் தெளிப்பு, லேசான மயக்கம், இடுக்கி அல்லது கூடை மாதிரி விரியும் கம்பி. ஈரம் ஊறிய பாக்கு போன்றவற்றைக் குளிர்முனையால் உறைய வைத்து அதோடு ஒட்டவைத்தும் இழுப்போம். வழுக்கினால், பெரிதாக இருந்தால், முழு மயக்கம் கொடுத்து வளையாத குழாய்.

மாத்திரை பற்றி ஒரு எச்சரிக்கை. இரும்புச்சத்து மாத்திரை மூச்சுக்குழலில் போனால் கரைந்து சுவரை அரித்துப் புண்ணாக்கிவிடும். அதற்கு மாதக் கணக்கில் காத்திருக்க நேரமில்லை. படுத்துக்கொண்டே மாத்திரை போடும் தாத்தா பாட்டிகளை உட்கார வையுங்கள். பக்கவாதம், பார்க்கின்சன், மறதி நோய் உள்ளவர்களுக்கு விழுங்குவதே தடுமாறும், சிலருக்கு இருமலும் வராது. பல் செட் போட்டவர்களுக்கு மேலண்ணம் மூடியிருப்பதால் வாயில் என்ன இருக்கிறது என்பதே சரியாகத் தெரியாது. செட்டே உடைந்து உள்ளே போனதையும் பார்த்திருக்கிறேன்.

காவேரிக்கரை, ஒரு சின்ன வேலை. புரட்டாசிக்கு முன்னால் வீட்டில் ஏதாவது விசேஷம் நடந்ததா? மறந்துபோன புரை பெரும்பாலும் பந்தியில்தான் இருக்கும்.

சுண்டல்பிரியன் (செவ்வாய், காலை 11.45)

இந்த இழையைப் படித்துக்கொண்டே சுண்டல் சாப்பிட்டேன். நடுவில் நிறுத்திவிட்டேன். எனக்கு மட்டும்தானா?

காவேரிக்கரை (செவ்வாய், இரவு 10.20)

டாக்டர், உங்களுக்கு என்ன கைராசியோ. ஆவணி கடைசி முகூர்த்தத்தில் சித்தி மகள் கல்யாணம். வீடியோவை இன்றைக்குத்தான் முதல் முறை முழுதாகப் போட்டோம், நான்கு மணி நேரம். மூன்றாவது மணியில், சாப்பாடு முடிந்து தாம்பூலம் போட்டுக்கொண்டு பெரியவர்கள் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். பெரியப்பா ஏதோ ஜோக் சொல்கிறார். அப்பா வாய் நிறைய வெற்றிலையோடு தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறார். அடுத்த கணம் முகம் சிவந்து இருமத் தொடங்குகிறார். பக்கத்தில் இருந்த அத்தை தலையில் தட்டுகிறாள். நாதஸ்வரத்தை மீறிக் கேட்கிறது: "யாரோ உங்களைத்தான் நினைக்கிறாங்கண்ணே." யாரோ தண்ணீர் கொடுக்கிறார்கள். கேமரா மாப்பிள்ளை பக்கம் திரும்பிவிடுகிறது. திரும்பி வரும்போது அப்பா மறுபடி சிரித்துக்கொண்டிருக்கிறார்.

மொத்தம் நாற்பது நொடி. அந்தப் பந்தியில் நானும் இருக்கிறேன், பாயசம் குடித்துக்கொண்டு.

அப்பா அந்த இடத்தை மட்டும் மூன்று முறை ஓட்டிப் பார்த்தார். "இதுக்குப் பேரு புரையா? இது எனக்கு வாரத்துக்கு ரெண்டு தடவை வருமே" என்றார். தஞ்சாவூர் டாக்டர் கேட்டபோது ஏன் இல்லை என்றார் என்பது அப்போதுதான் விளங்கியது. அவர் கணக்கில் அது புரையே இல்லை.

காய்ச்சல் இல்லை, பீப்பீ சத்தம் நின்றுவிட்டது. இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். இனிமேல் சீவல்தான், கொட்டைப்பாக்கு கிடையாது என்று சமரசம் பேசுகிறார்.

ஸ்டெத்து (புதன், காலை 6.45)

சீவலும் பாக்குதான் என்று சொல்லுங்கள். மூச்சுக்குழலை விட்டாலும் வாய்ப்புற்றுக்குப் பாக்கு மட்டுமே போதும், புகையிலை வேண்டியதில்லை. அந்தக் காட்சியைச் செல்பேசியில் பதிந்து தஞ்சாவூர் டாக்டருக்கும் காட்டுங்கள், சந்தோஷப்படுவார்.

வெட்டிக்கிளி (புதன், காலை 9.30)

அந்தப் பாக்கு இப்போது எங்கே இருக்கிறது?

காவேரிக்கரை (புதன், மதியம் 1.05)

லேபுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பா திருப்பிக் கேட்டார், தர முடியாது என்றார்கள். கொஞ்சம் வருத்தம்தான் அவருக்கு.

ஸ்டெத்து (புதன், இரவு 9.15)

அப்பாவிடம் சொல்லுங்கள், எங்கள் துறையில் இது பழைய வழக்கம். அமெரிக்காவில் செவாலியர் ஜாக்சன் என்ற மருத்துவர் நோயாளிகள் விழுங்கியதும் மூச்சில் இழுத்ததுமாக 2,374 பொருள்களைச் சேர்த்து வைத்திருந்தார். ஊக்கு, பித்தான், நாணயம், எலும்பு எல்லாம் ஃபிலடெல்ஃபியாவின் மியூட்டர் அருங்காட்சியகத்தில் இழுப்பறை இழுப்பறையாக இருக்கின்றன. காசு போன ஆளுக்கும் காசைத் திருப்பித் தந்தவர் இல்லை.

காவேரிக்கரை (புதன், இரவு 9.50)

காட்டினேன். "அதிலே பாக்கு இருக்கான்னு கேளு" என்கிறார்.